ஐவர் காலில் ஓர் ஆட்டம்

கண்ணாடிச் சுவரை மறைத்துக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டாள். பார்க்க வேண்டாம், கேட்டால் போதுமாம். நியூயார்க்கில் ஒரு கல்லூரியின் ஒத்திகைக் கூடம். மாலை வகுப்புகள் முடிந்த நேரம். ஆட்டத்தை அமைப்பவள் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆடப்போகிற ஐவரும் கூடப் படிப்பவர்கள்.

சுவரோரம் ஒருவன் காலணியைக் கவிழ்த்து வைத்து, அடித்தகட்டின் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்துகிறான். தரையில் தட்டிப் பார்க்கிறான். முகம் சுளிக்கிறது. மறுபடி முடுக்குகிறான். தகடு இறுகினால் ஓசை வெட்டினாற்போல் நிற்கும், தளர்ந்தால் கலகலக்கும். மிருதங்கக்காரர் சுருதி சேர்ப்பதுபோலத்தான் இதுவும். காலணித் தகட்டால் தாளம் தட்டி டேப் நடனம் ஆடுகிறவர் நடனக்காரர் மட்டுமல்ல, தாளக்காரரும்கூட.

அதனால்தானோ என்னவோ, அவள் யாருக்கும் ஸ்டெப் சொல்லித் தருவதில்லை. ஆளுக்கு இரண்டு பார் தாளம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். பாருக்கு நான்கு எண்ணிக்கை. காலால் ஆடும் முன் வாயால் சொல்ல வேண்டும். 'டிகட டகா, டிகட டம்' என்கிறான் திருகாணிக்காரன். பிறகு எழுந்து ஆடுகிறான். குதிகாலை ஓங்கி இறக்குகிறான். 1920களில் டேப் கலைஞர் ஜான் பபிள்ஸ் குதிகாலுக்குக் கொடுத்த கனம் ஏறக்குறைய நூறாண்டு கழிந்து இந்தப் பையன் காலிலும் விழுகிறது. அவளோ தரையில் உட்கார்ந்து, மரப் பலகையில் உள்ளங்கையைப் பதித்துக் கண்மூடிக் கேட்கிறாள்.

அடுத்து ஒரு நெட்டையன். இரண்டு பாருக்குள் எத்தனை ஓசை அடங்குமோ அத்தனையையும் திணித்திருக்கிறான். அபாரமான வேகம், மூச்சுவிட இடமில்லை. 'இதில் பாதியை எடுத்துவிடு' என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. பாலே படித்துவிட்டு வந்த பெண்ணைக் கூப்பிட்டு, 'இவனுக்கு நீ பதில் சொல்லு' என்கிறாள். அந்தப் பெண்ணுக்குக் குதிகால் எளிதில் தரையில் படுவதில்லை. தயங்கி, முதல் எண்ணிக்கையைத் தவறவிட்டு, இரண்டாவதில் நுனிக்காலால் ஒரே ஒரு தட்டு. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். 'அதேதான், அந்த இடைவெளியோடு!' என்று துள்ளி எழுகிறாள் அமைப்பவள். நெட்டையன் தானாகவே கடைசி இரண்டு ஓசைகளைக் கைவிடுகிறான், அந்த ஒற்றைத் தட்டு கேட்கட்டும் என்று. உத்தரவு போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இந்தக் கலை பிறந்த விதமே அப்படி. 1740இல் தென் கரோலினாவின் சட்டம் அடிமைகள் முரசு வைத்துக்கொள்வதைத் தடை செய்தது. முரசு போனாலும் தாளம் கையிலும் காலிலும் தங்கியது. பின்னால் அதே தாளம் ஐரிஷ் ஜிக் ஆட்டத்தோடு நகரத் தெருக்களில் மோதிக் கலந்தது. நியூயார்க்கின் ஹார்லெமில் டேப் ஆடுகிறவர்கள் கூடிய ஹூஃபர்ஸ் கிளப்பில், ஒருவர் அடியை இன்னொருவர் பார்த்துக் கற்கலாம், ஆனால் அப்படியே திருப்பி ஆடக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. வாங்கியதோடு தன்னுடையது ஒன்றைச் சேர்த்தே தீர வேண்டும். அவள் செய்வதும் அதைத்தான்: ஒருவனுடைய குதிகால் ஓசையை இன்னொருத்திக்குக் கொடுத்து, 'உன் வழியில் ஆடு' என்கிறாள்.

எல்லாமே அவர்களுடையது என்றால் அவளுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அது அவள் நோட்டுப் புத்தகத்தில் தெரிகிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே யாருடையது என்று பெயர். பெயர்களுக்கு நடுவே பெரிய பெரிய வெற்றுக் கட்டங்கள். யார் எங்கே நிற்பது, ஐவரும் எப்போது ஒன்றாக அடிப்பது, எவ்வளவு நேரம் ஒரு காலும் அசையாதிருப்பது என்பதெல்லாம் அவள் முடிவு. அதில் விட்டுக்கொடுப்பதில்லை. மௌனத்தை ஒரு பார் குறைக்கலாமே என்று ஒருத்தி கேட்க, 'முடியாது' என்கிறாள், சிரித்துக்கொண்டே.

கடைசி எட்டு பார் இன்னும் காலி. அதை எழுதப்போவதில்லையாம், மேடையில், அன்றைக்கு, அவரவர் மனத்தில் எழுவதை ஆடட்டும் என்கிறாள். 'அப்படியானால் நீயும் வந்து ஆடு' என்கிறான் திருகாணிக்காரன். அவள் தன் காலணியைப் பையில் தேடுகிறாள்.