"சிகப்பு தீந்து போச்சாட்ட இருக்குது!" - பாலைவனத்து ரல்லியும் மூலனூர் விரிப்பும்

மூலனூரைப் பாலைவனம் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். முருங்கை காய்க்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கிறது. சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆனாலும், மானாவாரி பூமிதான். ஒரு வருடம் மழை ஏமாற்றினால், மறு வருடம் திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் கூடுதலாக நாலு பேர் ஏறுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஏறியவர் அம்மா. பதினெட்டு வருடமாகச் செக்கிங் வேலை. நிஜமான பாலைவனத்தில் இருந்து வந்த ஒரு துணியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தச் செக்கிங் கண்தான்.

அந்தத் துணியின் பெயர் ரல்லி. தார் பாலைவனத்தின் இந்தப் பக்கம் ராஜஸ்தானின் ஜெய்சல்மர், பார்மர்; அந்தப் பக்கம் பாகிஸ்தானின் சிந்து. 1947-ல் நடுவில் எல்லைக்கோடு விழுந்தது. ரல்லி இப்போதும் இரண்டு பக்கமும் இருக்கிறது. 'கலப்பது, சேர்ப்பது' என்று பொருள்தரும் சொல்லில் இருந்து வந்த பெயர் என்கிறார்கள். பழைய காட்டன் துணிகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தால் அது மேல்துணி. நடுவில் கிழிந்த துணிகளை அடுக்குவார்கள். அடியில் இன்னொரு பழைய துணி. தரையில் விரித்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து, இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை வரிவரியாக ஓட்டுத்தையல் போடுவார்கள்.

கட்டிலில் விரிக்க, குளிருக்குப் போர்த்த, மகளின் கல்யாணச் சீருக்கு என எல்லாவற்றுக்கும் ரல்லிதான். வீட்டில் மடித்து அடுக்கியிருக்கும் ரல்லிகளை வைத்தே குடும்பத்தின் வசதியைக் கணக்குப் போடுவார்களாம். பாம்பாட்டிகளான ஜோகி சமூகப் பெண்கள் செய்கிற ரல்லியில் தையல் அவ்வளவு நெருக்கமாக இருக்கும்.

'சுற்றிலும் மணல், நிறமே இல்லை. அதனால்தான் பெண்கள் துணியில் நிறத்தைக் கொட்டுகிறார்கள்' என்று பாலைவனத் துணிகளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒட்டகத்தில் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பியவர் எழுதிய வரிபோலத் தோன்றுகிறது எனக்கு.

கோவையில் ஒரு கைவினைக் கண்காட்சியில்தான் முதன்முதலில் ரல்லியைத் தொட்டுப் பார்த்தேன். கறுப்பு, சிவப்பு, கடுகு மஞ்சள். பூ இல்லை, மயில் இல்லை, யானை இல்லை. வெறும் சதுரங்கள். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. 'அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட்' என்று காலரிகளில் மாட்டியிருப்பார்களே, அப்படி. ஒரு மூலையில் மட்டும் நாலு சதுரங்கள் சிவப்புக்குப் பதில் மங்கிய ஆரஞ்சு. அந்த நாலு சதுரம்தான் மொத்தத் துணியையும் அசைய வைக்கிறது என்று தோன்றியது. 3,500 ரூபாய் சொன்னார்கள், 3,200-க்கு வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா முதலில் செய்த காரியம், அதைத் திருப்பிப்போட்டது. பின்பக்கம் பார்க்காமல் எந்தத் துணியையும் அவர் நம்ப மாட்டார். விரலை வைத்துத் தையலை எண்ணினார். "இங்கிருந்து இது வரைக்கும் ஒரு கை. அதுக்கப்புறம் வேற ஆளு. பாரு கண்ணு, தையல் பெருசாகுது" என்றார். ரல்லியைப் பல பெண்கள் சேர்ந்து தைப்பார்கள் என்பதை நான் இன்னும் சொல்லவே இல்லை.

அடுத்து அந்த ஆரஞ்சு மூலை. கலைஞரின் துணிச்சல் அது இது என்று நான் ஆரம்பித்தேன். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். "சிகப்பு தீந்து போச்சாட்ட இருக்குது."

அப்படித்தான் இருந்திருக்கும். கிழிந்த பாவாடையில் தேறிய சிவப்பு அவ்வளவுதான். ஆனால், தீர்ந்தபிறகு கறுப்பை வைத்திருக்கலாம், மஞ்சளை வைத்திருக்கலாம். ஆரஞ்சை எடுத்து, அதையும் நாலாகப் பிரிக்காமல் ஒரே மூலையில் வைத்தது யாரோ ஒரு பெண் எடுத்த முடிவு. இதைச் சொன்னபோது அம்மா மறுக்கவில்லை. "கலைச்சு வெச்சா டேமேஜ்னு தெரியும். ஒரே எடத்துல வெச்சா டிசைனு" என்றார்.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், உழைத்துக் கிழிந்த ஜீன்ஸ் துணிகளையும் சட்டைகளையும் இப்படித்தான் ஒட்டுப்போட்டுப் போர்வையாக்கினார்கள். 2002-ல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. நவீன ஓவியங்களுக்கு இணை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தைக்கிற விரிப்பு. கட்டிங் வேஸ்ட் துணியைக் கம்பெனியில் கேட்டு வாங்கிவருவார். பனியன் துணி இழுத்தால் இழுபடும், கைத்தையல் போட்டால் நூல் தெறித்துவிடும். அதனால் அடியில் பழைய காட்டன் சேலையை வைத்து மெஷினில் தைக்கிறார். கழுத்து வெட்டியது, கை வெட்டியது எல்லாம் அரைவட்டமாகத்தான் கிடைக்கும். அதனால் அவர் விரிப்புகளில் சதுரமே கிடையாது, எல்லாம் வளைவுகள்தான். விருந்தாளிகள் வந்தால் முதலில் அதைத்தான் சுருட்டி உள்ளே வைப்பார். ஒட்டுப்போட்டது நாலு பேர் கண்ணில் படக்கூடாது.

வாரத்தில் ஆறு நாள் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தையல் என்று ஆயிரக்கணக்கான பனியன்களைப் பார்த்து, மாறி வந்ததை எல்லாம் தூக்கிப்போடுகிறவர் ஏழாவது நாள் இப்படித் தைக்கிறார். இதை நான் இத்தனை வருடம் மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

சரி, காசு? கண்காட்சியில் நான் கொடுத்த 3,200-ல் தைத்த பெண்களுக்கு எவ்வளவு போனது என்று கடைக்காரரைக் கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் இல்லை. 1969-ல் குஜராத்தின் கட்ச் பகுதியில் கடும் வறட்சி. மும்பையைச் சேர்ந்த சந்தாபென் ஷ்ராஃப் நிவாரணப் பணிக்காக தனேட்டி கிராமத்துக்குப் போனார். அங்கிருந்த பெண்களுக்கு இலவசமாக வாங்க மனமில்லை. அவர்கள் கையில் இருந்ததோ எம்பிராய்டரி. அதற்குக் கூலி கொடுத்து ஆரம்பித்ததுதான் 'ஷ்ருஜன்' அமைப்பு. 2006-ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. புஜ் அருகே அஜ்ரக்பூரில் 2016-ல் அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தைவிட, முதலில் கூலியைப் பேசினார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அம்மாவின் விரிப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். காலேஜ் தோழி ஒருத்தி "விலை எவ்வளவு?" என்று கேட்டாள். அம்மா கணக்குப் போட்டார். பதினொரு ஞாயிறு, ஞாயிறுக்கு மூணு மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட்டுக்கு 400 ரூபாய் என்றால் மணிக்கு 50. ஆக 1,650. "இதைக் குடுத்து யாரு வாங்குவா?" என்று அவரே சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "1,650-னே சொல்லு கண்ணு. கொறைச்சுக் கேட்டா, நம்மூட்டுலயே கெடக்கட்டும்" என்றார்.

தோழி சரி என்றுவிட்டாள். அவளுக்குச் சிவப்பு அதிகமாக வேண்டுமாம். கம்பெனியில் இந்த மாதம் முழுக்க நேவி ப்ளூ ஆர்டர்தான் ஓடுகிறது.