ஒரே வானம், இரு வேண்டுதல்

நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் தலைப்பு ஒன்று உண்டு. 'திடீர் மழை, பொதுமக்கள் மகிழ்ச்சி' என்பதே அது. இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும் அச்செய்தியைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறோம். மகிழ்ந்த பொதுமக்கள் யாவர் என்று நாம் கேட்பதில்லை. அவ்வினாவை என்னுள் எழுப்பியது, நான் ஆசிரியராகப் பணியாற்றிய கிளியனூர்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது கிளியனூர். திருஞானசம்பந்தர் பாடியதாகப் போற்றப்படும் பதிகம் இவ்வூரைக் கிளியன்னவூர் என்று குறிக்கிறது. ஊரைச் சுற்றிலும் ஏரிப்பாசன நிலங்களும் மானாவாரிக் கொல்லைகளும் பரந்துள்ளன. நெல்லும், இப்பகுதியினர் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையும் இங்கு விளைகின்றன. இங்குள்ள உழவர் வானத்தை நோக்கி வேண்டுவது மழையை.

வடகிழக்கே கடலோரம் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். அங்கும் மக்கள் வானத்தைத்தான் நம்பி வாழ்கின்றனர். ஆனால் அவர்கள் வேண்டுவது வெயிலை. மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளைச் சீர்செய்து, தரை இறுகுமாறு காலால் மிதித்துப் பதப்படுத்துவர். உவர்நீரைப் பாய்ச்சி, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் அதன் அடர்த்தியை ஏற்றுவர். போதிய அடர்த்தி பெற்ற நீரே உப்பாகப் படியும். அதைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பர். வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். உவர்நீரில் ஊறிய பாதங்களில் வெடிப்பு தோன்றும். இத்தனை உழைப்பையும் ஒருமணி நேர மழை கரைத்துவிடும். குவியலைக் கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடிக் காக்கலாம். பாத்தியில் உள்ளதைக் காக்க வழியில்லை. அடர்த்தி குறைந்த நீர் மீண்டும் முதிரும் வரை தொழிலாளர்க்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

இவையனைத்தையும் நூலறிவாக நான் அறிந்திருந்தேன். அதன் பொருளை எனக்கு உணர்த்தியவர் மேல்நிலை முதலாமாண்டு மாணவி ஒருவர். உப்பளக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், அத்தை வீட்டில் தங்கிப் படித்துவந்தார். ஆனித் திங்களில் ஒருநாள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர் ஒருவர் முதல்நாள் மாலை பெய்த மழையைப் பற்றிய செய்தியை வாசித்தார். 'பொதுமக்கள் மகிழ்ச்சி' என்று அது முடிந்தது. முதற்பாடவேளையில் அம்மாணவி எழுந்து, "ஐயா, எங்க வீட்டுல யாருக்கும் மகிழ்ச்சி இல்லைங்களே. நாங்க பொதுமக்கள் இல்லீங்களா?" என்று கேட்டார்.

வகுப்பு அமைதியானது. அடுத்த வரிசையில் இருந்த உழவர் வீட்டு மாணவர், "மழை இல்லைன்னா எங்க மல்லாட்டை காஞ்சிடும் ஐயா" என்றார். இருவர் கூற்றும் உண்மை. ஒருவர் உண்மைக்காக மற்றவர் உண்மையை மறுக்க இயலாது. அன்று நான் நடத்தவேண்டிய இலக்கணப் பாடம் நடைபெறவில்லை. உப்பு விளையும் முறையை அவரும், மல்லாட்டை விளையும் முறையை இவரும் வகுப்பிற்கு விளக்கினர். அதுவரை ஒரே அறையில் இருந்தும் ஒருவர் வீட்டு வாழ்வை மற்றவர் அறிந்திருக்கவில்லை.

நம் பழம்புலவர்கள் இவ்வகையில் கூர்ந்த பார்வை உடையவர்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை இந்நிலப்பகுதியின் பாட்டு. அதில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் கருத்து. வேந்தர்களையும் வள்ளல்களையும் பாடும் அந்நூலில், உமணர் என்னும் உப்பு வணிகரின் வண்டியோடு வந்த மந்தி ஒன்றும் இடம்பெறுகிறது. கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பையாக்கி, அது உமணர் வீட்டுக் குழந்தைகளோடு விளையாடுகிறது. உப்பு விற்போர் வீட்டுக் குழந்தைகளின் விளையாட்டும் பாடத்தக்கதே என்று அப்புலவர் கருதினார்.

உழவரும் உப்பளத்தாரும் எதிரெதிர் வேண்டுதல் உடையவராயினும் தொடர்பற்றவர் அல்லர். இப்பகுதி ஏரிகள் நிரம்பி வழியும் நீர், ஓடைகள் வழியாகக் கழுவெளியைச் சென்றடைகிறது. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள அந்த உவர்நீர்ச் சதுப்பு 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனை நம்பி மீனவர் உள்ளனர். வலசை வரும் பறவைகள் உள்ளன. மேட்டில் ஏரி வரத்துக்கால்வாயை அடைத்தால் பள்ளத்தில் கழுவெளி வாடும். ஒருவர் நிலத்தில் செய்வது மற்றவர் நீரில் தெரியும்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வயலும் மூழ்கியது, உப்பளமும் மூழ்கியது. அப்போது இப்பகுதியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. நீர் வடிந்ததும் செய்தியும் வடிந்தது. ஆனால் புயல் இல்லாத ஆண்டிலும் மழைக்கால மாதங்களில் உப்பளத் தொழிலாளர் வேலையின்றி இருக்கவே நேர்கிறது. அவர்கள் நெடுங்காலம் எழுப்பிய கோரிக்கையின் பயனாக, அம்மாதங்களுக்கென ஒரு குடும்பத்திற்கு 5000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. தலைப்புச் செய்தியாகாத துன்பத்தையும் தொடர்ந்து எடுத்துரைத்தால் ஒருநாள் அது செவியேறும் என்பதற்கு இது சான்று.

எடுத்துரைப்பதற்குச் சிற்றூர்களில் இடமும் உண்டு. தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள், உள்ளாட்சி நாள் என ஆண்டிற்கு ஆறு நாள்கள் கிராமசபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நமக்கு வேண்டியதைக் கேட்பதற்காக அங்குச் செல்கிறோம். நமக்கு எதிரான ஒன்றை வேண்டுபவர் ஏன் வேண்டுகிறார் என்று கேட்பதற்கும் அதுவே இடம். ஏரியைத் தூர்வாருவதா, சாலை போடுவதா என்னும் சிறு வழக்கிலும் இவ்விரண்டும் தேவைப்படும்.

மாணவர்களே, இன்னும் ஈராண்டில் நீங்களும் அச்சபையின் உறுப்பினர் ஆவீர்கள். அதற்குமுன் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். நாளைய நாளிதழில் உங்கள் ஊர்ச் செய்தி ஒன்றில் 'பொதுமக்கள்' என்னும் சொல் வரும் இடத்தைக் கோடிடுங்கள். அச்செய்தியில் சொல்லப்பட்டதற்கு மகிழாத ஒருவர் உங்கள் ஊரில் இருப்பார். அவரைத் தேடிச் சென்று, அவர் கூறுவதைக் கேட்டு எழுதி, வகுப்பில் வாசியுங்கள்.