எழில் எழுத்தும் உயிர் எழுத்தும்

புதுச்சேரியில் அச்சாகும் நிக்காஹ் அழைப்பிதழ்கள் சிலவற்றில் மூன்று எழுத்து முறைகள் ஒருங்கே அமர்ந்திருக்கக் காணலாம். உச்சியில் அரபெழுத்தில் பிஸ்மில்லாஹ். அதன் கீழ்த் தமிழில் மணமக்களின் பெயரும் நாளும் இடமும். பிரான்சுத் தொடர்புள்ள குடும்பமாயின் மறுபக்கத்தில் பிரெஞ்சு வாசகம். அந்தப் பிரெஞ்சு வாசகத்திற்கு நாளிதழில் காணும் நிமிர்ந்த எழுத்தைவிட, சாய்ந்து சுழித்து ஒன்றோடொன்று கைகோத்துச் செல்லும் எழுத்தே பொருத்தமெனக் கருதுவோர் பலர். வீட்டார் தம் கைப்பட எழுதி அழைத்தாற்போன்ற மரியாதை அதில் தொனிக்கிறது.

கையெழுத்தின் சாயலை ஈயத்தில் வார்க்கும் இக்கலைக்கு நெடிய வரலாறு உண்டு. ராபர்ட் கிரான்ஜோன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1557-இல் லியோன் நகரில் தம் நாட்டுக் கையெழுத்தைப் பின்பற்றி ஓர் அச்செழுத்தை உருவாக்கினார். சிறுவர்க்கு நன்னடத்தை புகட்டும் நூல்கள் அதில் அச்சானமையால், மரியாதையைக் குறிக்கும் 'சிவிலித்தே' என்ற பெயரே அதற்கு நிலைத்தது. நம்மவர் அறிய வேண்டியது இதற்கு அடுத்த செய்தி. அதே கிரான்ஜோன் உரோமாபுரி சென்று, 1580-களில் மெதிச்சி அச்சகத்திற்காக அரபெழுத்துகளையும் செதுக்கினார். இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலாகிய 'கானூன்' 1593-இல் அரபு மொழியில் அச்சேறியது அவ்வச்சகத்தில்தான்.

ஒரே கை இரண்டையும் செதுக்கியது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. பிரெஞ்சில் எழுத்துகள் கூடுவது அணி. கூடாவிடினும் சொல் கெடாது. அரபிலோ கூடுவதே எழுத்தின் உயிர். முதலில் ஓர் உருவம், இடையில் ஓர் உருவம், இறுதியில் ஓர் உருவம், தனித்து நின்றால் வேறோர் உருவம் என மாறுவது அதன் இயல்பு. அலிஃப், தால், தாலின் புள்ளியுற்ற இணை, ரா, ஸா, வாவ் ஆகிய ஆறும் தமக்குப் பின் வருவதைப் பற்றா, ஏனையவை பற்றும். கி.பி. 940-இல் மறைந்த பக்தாதின் அமைச்சர் இப்னு முக்லா, நாணற்கோலின் முனை பதிக்கும் புள்ளியையே அளவுகோலாக்கி ஒவ்வோர் எழுத்துக்கும் விகிதம் வகுத்தார். பிஸ்மில்லாஹ்வில் 'இஸ்ம்' என்னும் சொல்லின் அலிஃப் எழுதப்படுவதில்லை. அதற்கு ஈடுசெய்வதுபோல் பா-வின் கொம்பைச் சற்று உயர்த்துவர் கலைஞர். இத்தனை நுட்பம் அந்த ஒற்றை வரியில் அடங்கியிருக்கிறது.

ஈய அச்சுக் காலத்தில் இந்நுட்பத்தைக் காத்தது பிளாக். காத்திப் ஒருவர் எழுதியதை உலோகத் தகட்டில் எடுத்து வைத்துக்கொள்வர். அச்சுக் கோப்பவருக்கு அரபு தெரியாவிடினும் எழுத்து சிதையாது. சென்னையில் 1927-இல் தொடங்கிய 'முசல்மான்' உருது நாளேடு, கணினி வந்த பின்னரும் காத்திபுகளின் கைவண்ணத்திலேயே பக்கங்களை எழுதி அச்சிட்டுப் புகழ்பெற்றது. 1981-இல் மிர்சா அஹ்மத் ஜமீல் நஸ்தஃலீக் எழுத்தை அச்சு இயந்திரத்துக்குள் கொணர்ந்தபோது, பல்லாயிரம் எழுத்துக் கூட்டுகளைக் கையால் எழுதித் தரவேண்டியிருந்தது.

அண்மையில் எனக்கு வந்த ஓர் அழைப்பிதழைக் கண்டு மனம் வாடினேன். பொன் மையில் பிஸ்மில்லாஹ் மின்னியது. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பி நின்றது. அரபின் இயல்பை அறியாத மென்பொருளில் அதை இட்டால் நேரும் விபத்து இது. அச்சகத்தார்மீது குறை சொல்வதற்கில்லை. அவர் அம்மொழி அறியாதவர். நாள்தோறும் அவ்வரியை ஓதும் வீட்டார் நூற்றுக்கணக்கில் அதை விநியோகித்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்பதுதான் என் கவலை.

நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதியவர்கள். கல்லச்சில் வந்த அரபுத்தமிழ் நூல்களை இல்லத்துப் பெண்டிர் பலர் சரளமாக வாசித்தனர். அத்தகைய பாட்டியார் ஒருவர் அவ்வீட்டில் இருந்திருந்தால், முதல் பிரதியைக் கண்டதுமே அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியிருப்பார். மக்தபுகளில் இன்று நாம் பிள்ளைகளுக்கு ஓதக் கற்பிக்கிறோம். எழுதக் கற்பிப்பது அருகிவிட்டது. ஓதுபவரின் நாவு விரைந்து செல்லும். எழுதுபவரின் கண் ஒவ்வொரு வளைவிலும் நின்று செல்லும். திருமறையின் 68-ஆம் அத்தியாயம் எழுதுகோலின் பெயரையே தாங்கியிருப்பதை ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கருவி இன்று நமக்குப் பகையன்று. பிஸ்மில்லாஹ் முழுமைக்கும் ஒரே குறியெண் 2003 முதல் யூனிகோடில் உண்டு. அதை இட்டால் எழுத்து பிரிய வழியில்லை. எகிப்தின் பூலாக் அச்சகத்து நஸ்க் எழுத்தைத் தழுவி காலித் ஹுஸ்னீ உருவாக்கிய 'அமீரி' எழுத்துரு எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கிறது. மணவீட்டார் செய்யவேண்டுவது இவ்வளவே: சரிபார்ப்புப் படி வந்ததும், அச்சேற்ற ஒப்புதல் தருமுன், எழுத்தறிந்த உஸ்தாத் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். முடிந்தால், அவ்வரியை ஒரு தாளில் தம் கையால் எழுதிப் பார்க்குமாறு மணமக்களிடமும் சொல்லுங்கள்.