அஜீத் எப்ப வருது?

பொங்கல் நெருங்கினால் எங்கள் வீட்டில் அப்பா தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த வருஷம் என்னென்னப்பா ரிலீஸ்?"

மூன்று வருடங்களுக்கு முன்பு திண்ணையில் உட்கார்ந்து அப்படித்தான் கேட்டார். என் மகன் செல்போனைத் தள்ளிக்கொண்டே, "அஜீத் இந்தப் பொங்கலுக்கும் இல்ல தாத்தா. தள்ளிப் போயிருச்சு" என்றான். கோலமாவு வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா அப்படியே நின்றுவிட்டார். "என்னது, அஜித் படம் வரலையா? எம் மகன் டிக்கெட்டுக்குக் காசு கேட்டுக்கிட்டு இருக்கானே!"

அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணாடியே கழன்று விழுந்தது. அவர் கேட்டது நடிகர் அஜித்தை இல்லை. அஜீத் என்று ஒரு போர் விமானம் இருந்தது. அதன் பிளாஸ்டிக் மாடல் கிட்டைத்தான் கேட்டார்.

அப்பா 19 வயதில் விமானப்படையில் சேர்ந்தவர். பறந்தவர் இல்லை, பறக்க வைத்தவர். மெக்கானிக். அவர் கை அதிகம் பட்டது நாட் என்ற குட்டி விமானத்தில். பிரிட்டனில் வடிவமைத்தது. 1955-ல் முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டன் விமானப்படையே ஒற்றை இருக்கைச் சண்டை விமானமாக அதை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானமாகத்தான் வாங்கியது. நம் நாடு 1956-ல் உரிமம் வாங்கி, பெங்களூரில் தயாரித்து, சண்டைக்கு அனுப்பியது. 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகரைக் காக்க ஒரு நாட்டில் ஏறிப்போய் உயிர்விட்டவர்தான் நிர்மல் ஜித் சிங் செக்கோன். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் அவர். பிறகு அதே நாட்டை மேம்படுத்தி இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்ததுதான் அஜீத். யாராலும் வெல்ல முடியாதவன் என்று அர்த்தம். 1991-ல் அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

"ஏணியே வேண்டாம்மா. தரையில நின்னுக்கிட்டே எல்லா வேலையும் பாத்துரலாம். அம்புட்டுக் குட்டி" என்பார் அப்பா, ஏதோ வீட்டில் வளர்த்த கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

விமானப்படையை விட்டு வந்து, ஒரு வங்கியில் வேலை பார்த்து, அதிலும் ஓய்வு பெற்று அவர் சும்மா இருந்த காலத்தில், 2012 வாக்கில், சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி லீவுக்கு வந்தபோது ஒரு பெட்டி வாங்கி வந்தான். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் நாட் கிட். 72-ல் ஒரு பங்கு அளவு. அதாவது நிஜத்தில் 72 சென்டிமீட்டர் இருப்பது இதில் 1 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் சட்டங்களில் சின்னச் சின்னப் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். அப்பா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். 'மேட் இன் இந்தியா' என்று இருந்தது. அந்தச் சமயத்தில் ஏர்ஃபிக்ஸின் பல கிட்கள் நம் நாட்டில் தயாராயின. "வெள்ளைக்காரன் பேரு, நம்ம ஊர் வேலை, சிங்கப்பூர் போயி வத்தலக்குண்டுக்கு வந்திருக்கு. அந்த நிஜ விமானமும் இதே கதைதான்" என்று சிரித்தார்.

ஆனால், உள்ளே இருந்தது ரெண்டு பேர் உட்காரும் சிவப்பு நாட். ரெட் ஆரோஸ் என்ற பிரிட்டன் சாகசக் குழு ஓட்டியது. ஒரு மாதம் உட்கார்ந்து அழகாகச் செய்து முடித்தார். முடித்துவிட்டு, "இது எங்க விமானம் இல்லம்மா. எங்களது ஒத்தை சீட்டு" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தக் காத்திருப்பு.

அப்பாவிடமிருந்து நானும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். இந்தக் கிட் கம்பெனிகள் பலவும் ஜனவரியை ஒட்டி, அந்த வருடம் என்னென்ன வெளியிடப் போகிறோம் என்று பட்டியல் போடும். ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சி. மே மாதம் ஜப்பானின் ஷிசுவோகாவில் இன்னொன்று. பட்டியலில் பெயர் வந்துவிட்டால் பெட்டி கடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முதலில் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். பிறகு அச்சு வெட்ட வேண்டும். பெரிய கம்பெனிகள் எஃகில் வெட்டும். செலவு அதிகம், ஆனால் பல பத்தாண்டுகள் உழைக்கும். எனவே நிறைய விற்கும் விமானத்துக்குத்தான் அந்தச் செலவைச் செய்யும். சிவப்பு நாட் சுலபமாகக் கிடைப்பதும், நம் ஒற்றை சீட்டு விமானம் ஐரோப்பாவின் சின்னக் கம்பெனிகளை நம்பி இருப்பதும் அதனால்தான்.

சின்னக் கம்பெனிகள் குறைந்த செலவில் அச்சு செய்து, கொஞ்சம் பெட்டிகள் போட்டு விற்கும். தீர்ந்துவிட்டால், அச்சு அலமாரிக்குப் போய்விடும். திரும்ப எப்போது முறை வரும் என்று சொல்ல முடியாது. பாகங்கள் தயாரானாலும், இறக்கையில் ஒட்டும் மூவர்ண வட்டங்கள் வேறெங்கோ அச்சாகி வர வேண்டும். அட்டைப்பெட்டிப் படம் தயாராக வேண்டும். பிறகு கப்பல். அப்புறம் நம் நாட்டுச் சுங்கம். பொம்மைகளுக்கு 20 சதவிகிதமாக இருந்த இறக்குமதி வரி 2020-ல் 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. சுங்கக் கணக்கில் அப்பாவின் விமானமும் மரப்பாச்சியும் ஒரே இனம்தான்!

அப்பா தேடிய அஜீத்தும் அப்படி அலமாரிக்குப் போனதுதான். மறுபடி வரும் என்று பட்டியலில் இருந்தது. ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போனது.

வத்தலக்குண்டுக்காரர்களுக்குக் காத்திருப்பது புதிதில்லை. கொடைக்கானல் மலைக்கு அடிவாரம் எங்கள் ஊர். பஸ் ஸ்டாண்டில் எந்நேரமும் மூட்டை முடிச்சோடு மலை பஸ்ஸுக்குக் கூட்டம் நிற்கும். "இந்தா எடுத்துருவோம்" என்று கண்டக்டர் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். நாங்களும் நம்பி உட்கார்ந்திருப்போம். அப்பாவுக்கு நானும் அப்படி ஒரு கண்டக்டராகிவிட்டேன்.

போன வருட ஆரம்பத்தில் அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. காபி டம்ளர் சாஸரில் தாளம் போட்டது. மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார், பார்க்கின்சன் நோய் என்று. நான் வெளியே வந்து, "வயசானா வர்ற நடுக்கம்தாம்ப்பா. மாத்திரை போட்டா சரியாயிரும்" என்றேன்.

அதே வாரம், சென்னையில் கிட் வரவழைத்துக் கொடுக்கும் கடைக்காரர், அஜீத் இந்த வருடம் கிடையாது, அடுத்த வருடம்தான் என்றார். அதையும் எப்படிச் சொல்வது? மகனைத் தனியே கூப்பிட்டு, "சித்திரையில வருதுன்னு தாத்தாகிட்ட சொல்லு" என்றேன். சித்திரை போனது. ஆடி என்றோம். ஆடியும் போனது. தீபாவளி என்றோம்.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நான் திரும்பியபோது அப்பா விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே டீப்பாயில் அவருடைய செல்போன்.

"மெட்ராஸ் கடைக்காரர்கிட்ட பேசினேம்மா. ஜனவரியிலேயே உங்கிட்ட சொல்லிட்டாராமே."

நான் எதுவும் பேசவில்லை.

"ஃபார்ம் 700-ன்னு ஒண்ணு உண்டு" என்றார் நிதானமாக. "ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புஸ்தகம். என்ன வேலை பாத்தோம், எது சரியில்லன்னு எழுதி நாங்க கையெழுத்துப் போடுவோம். அதைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் பைலட் ஏறுவான். எனக்குத் தெரிஞ்ச பசங்க, இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு. பழுது இருந்தா பழுதுன்னு எழுதணும். அவன் மனசு கஷ்டப்படுமேன்னு சரியா இருக்குன்னு எழுத முடியுமா? அதை நம்பித்தானே மேல போறான்?"

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "கைக்கு என்ன பேரு சொன்னாரு டாக்டர்?"

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். முழுசாகச் சரியாகாது, மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், போகப்போகக் கூடலாம் என்று எல்லாவற்றையும். சொல்லி முடிப்பதற்குள் எனக்குத்தான் அழுகை வந்தது. அப்பா எழுந்து போய் விளக்கைப் போட்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா பத்து மாசம் மிச்சமாயிருக்கும்ல" என்றார். கோபமே இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து, 'பொறவு பாத்துக்கலாம்' என்று எடுத்து வைத்திருந்த பெட்டிகளை எல்லாம் கட்டிலில் அடுக்கினார். ஹன்ட்டர், கான்பெரா, மிக்-21 என்று ஏழு பெட்டிகள். ஒரு நோட்டில் கோடு போட்டு என்னை எழுதச் சொன்னார். அவரே செய்யக்கூடியவை மூன்று. பேரனுக்குச் சொல்லிக்கொடுத்துச் செய்ய வைப்பவை இரண்டு. பாகங்கள் ரொம்பப் பொடியாக இருப்பதால் தொடவே வேண்டாம் என்று ஒதுக்கியவை இரண்டு. அவற்றை விமானப்படையில் கூட இருந்த நண்பரின் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். காலை மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் கை ஓரளவு நிதானப்படுகிறது என்று அவரே கவனித்து வைத்திருந்தார். "பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் டூட்டி" என்றார்.

அந்த ஒரு மணி நேரம் வீட்டில் டிவி கிடையாது. ஹன்ட்டர் முடிய மூன்று மாதமானது. முன்பென்றால் மூன்று வாரம். பின்பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க மூக்குக்குள் தூண்டில் ஈயம் வைத்து அடைத்தார். லீவு நாட்களில் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து மிக்-21 செய்கிறான். அவன் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் தாத்தாவிடம் காட்ட வேண்டும். கை நடுங்கினாலும் கண் நடுங்கவில்லை. மயிரிழை இடைவெளி இருந்தால்கூட, "கழட்டுடா" என்கிறார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனும் ஒரு ஃபார்ம் 700 போட்டுவிட்டான். வேலை, தேதி, பழுது, கையெழுத்து. தாத்தாவின் கையெழுத்து வாரத்துக்கு வாரம் சின்னதாகிக்கொண்டே வருகிறது. அதுவும் இந்த நோயின் ஒரு குணம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

இந்தப் பொங்கலுக்கும் வெள்ளையடித்து முடித்த சாயங்காலம் திண்ணைக்கு வந்தார். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது.

"என்னென்னம்மா ரிலீஸ்?"

மகனிடம் கொடுக்காமல் செல்போனை நானே எடுத்துப் படித்தேன். அஜீத் இருக்கிறது. ஆனால், வருடக் கடைசி என்று போட்டிருக்கிறார்கள். "அதுவும் நிச்சயம் இல்லையாம்ப்பா. கடைக்காரர் சொன்னார்" என்றேன்.

அப்பா நோட்டை என்னிடம் நீட்டினார். "அப்படியே எழுது. நிச்சயம் இல்லைன்னு எழுது."

எழுதினேன். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"சரி, வேற என்ன வருது?"