வாத்தியாரின் கப்பல்

கடற்கரையிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் வாசம் செய்யும் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர், மீன் பிடிப்பதற்கென்று சொந்தத்தில் ஒரு மோட்டார்ப் படகு வாங்கினார் என்றால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு சற்றே கவலையுடன், "அவருக்குக் குடும்பம் உண்டா?" என்று விசாரிப்பார்கள். எனக்குக் குடும்பம் உண்டு. அந்தச் சிரிப்பையும் விசாரணையையும் இரண்டு வருஷ காலம் பொறுத்துக்கொண்டவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வல்லம் வடகால். ஸ்ரீபெரும்பூதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிறது. என் பாட்டனார் நாளில் இங்கே ஏரியும், ஏரிப் பாய்ச்சலில் விளையும் நெல்லும், கரையில் பனை மரங்களும்தான் பிரசித்தம். இன்று ஸிப்காட் தொழிற்பேட்டைதான் பிரசித்தம். மோட்டார் சைக்கிள்கள் இங்கிருந்து தேசமெங்கும் போகின்றன. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்காக 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி ஒன்று 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இங்கே திறக்கப்பட்டது. எங்கள் கிராமத்து ஜனத்தொகையைக் கேட்டுப் பழகிய காதுக்கு, ஒரே விடுதியில் அத்தனை பேர் என்பது இன்னமும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சிறு வயதில் நான் தூண்டில் பிடித்தவன். ஏரி மதகின்மேல் உட்கார்ந்து மண்புழுவைக் கோத்துக் கெளுத்திக்கும் விராலுக்கும் காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பின் ருசி ஒருவனைப் பிடித்துவிட்டால் பி.எஸ்ஸி., பி.எட். பட்டங்களால்கூட அதைப் போக்க முடியாது. எங்கள் பரம்பரை நிலம் தொழிற்பேட்டைக்குப் போய், அதற்காக வந்த பணத்தில் என் பங்கில் வீடு கட்டியது போக ஒரு தொகை மிஞ்சியிருந்தது. அது பெண்ணின் மேற்படிப்புக்கு என்பது என் சகதர்மிணியின் தீர்மானம். எனக்கோ வேறொரு மனோரதம் இருந்தது.

அந்த மனோரதத்துக்கு நெய் வார்த்தவன் என் பழைய மாணவன் ஒருவன். எங்கள் ஊரில் யமஹா கம்பெனியின் இருசக்கர வண்டித் தொழிற்சாலை 2015 முதல் நடந்து வருகிறது. அதே கம்பெனி ஜப்பானில் 1960-ஆம் வருஷத்திலேயே படகின் பின்புறத்தில் மாட்டும் வெளிப்புற இயந்திரங்களைச் செய்யத் தொடங்கிவிட்டது. அந்த இயந்திரங்களின் படங்களை அவன் எங்கிருந்தோ சேகரித்துக்கொண்டு வந்து என் முன் பரப்புவான். "ஸார், ஸ்கூட்டரைத் தெரிந்துகொண்டவனுக்கு இது என்ன பிரமாதம்?" என்பான். அவனும் நானும் கூட்டாக, இருபத்திரண்டு அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு ஒன்றை, 40 குதிரைச் சக்தி இயந்திரத்தோடு இரண்டாம் கையாக வாங்கினோம். அதைக் கோவளத்துக் குப்பத்து மணலில் நிறுத்தினோம். ஞாயிறுதோறும் விடியுமுன் புறப்பட்டு, படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக அங்கே போய்ச் சேருவோம். ஊரார் அதற்கு "வாத்தியார் கப்பல்" என்று பெயரிட்டார்கள்.

படித்தவனுக்கு ஓர் ஆசை வந்துவிட்டால், அதற்குச் சரித்திரத்திலிருந்து சாட்சி தேடுவது வழக்கம். நானும் தேடினேன். சென்னைத் துறைமுகத்தின் தலைவராயிருந்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் 1911-இல் சென்னையில் பாய்ப்படகுச் சங்கத்தை ஸ்தாபித்தார். அடுத்த வருஷம் அதே துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்தான் கணித மேதை ராமானுஜன். அமெரிக்காவில் காடலீனா தீவில் ஹோல்டர் என்பவர் 1898-இல் 183 ராத்தல் எடையுள்ள சூரை மீனை மெல்லிய தூண்டிலால் பிடித்து, அதே வருஷத்தில் அதற்கென ஒரு சங்கமும் கண்டார். மெல்லிய கயிறு, மீனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு என்ற விளையாட்டு நெறியை அந்தச் சங்கம் வகுத்தது. நாவலாசிரியர் ஹெமிங்வே 1934-இல் 'பிலார்' என்ற 38 அடிப் படகை வாங்கினார். இவற்றையெல்லாம் நான் வீட்டில் எடுத்துச் சொன்னபோது என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏங்க, அந்தத் துரை பெண்ணுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டியிருந்ததா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சரித்திரத்தில் அதற்குப் பதில் அகப்படவில்லை.

படகு வாங்குவது ஒரு செலவு; வைத்திருப்பது ஒன்பது செலவு. 40 குதிரைச் சக்தி இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்குச் சுமார் பதினைந்து லிட்டர் பெட்ரோல் குடிக்கும். போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்று எரிபொருளை வகுத்துக்கொள்வது கடலோடிகளின் கணக்கு. இயந்திரம் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கடல்நீரையே உறிஞ்சுகிறது. ஆகையால் கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அதன் உள்ளுறுப்புகளைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உப்பு அரித்துவிடும். அந்த அரிப்பைத் தடுக்க இயந்திரத்தின் அடியில் ஒரு துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பார்கள். அலுமினியத்துக்கு முன்னால் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். இதை வகுப்பில் பாடமாக நடத்தும்போது நான் அதன் தியாகத்தை மெச்சுவேன். வருஷந்தோறும் புதுக் கட்டி வாங்கும்போது மெச்சத் தோன்றாது. மொத்தத்தில் எங்கள் சேமிப்பு, கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று. உவமையாகச் சொல்லவில்லை, உள்ளபடியே அது கடலில்தான் கரைந்தது.

மீன் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. படகு ஓடும்போதே பொய் இரையைப் பின்னால் இழுத்துச் சென்றால் வஞ்சிரமும் சீலாவும் பாய்ந்து கவ்வும். கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளைச் செம்படவர்கள் 'பார்' என்கிறார்கள். அந்தப் பார்களின்மேல் பாறை மீன் அகப்படும். ஆனால் பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விட்டுவிடுவதுதான் உயர்ந்த விளையாட்டு என்பது என் மாணவன் கற்று வந்த நெறி. ஆகவே எங்கள் வீட்டுக்கு மீன் வந்ததில்லை. எங்கள் படகுக்கு அடுத்தாற்போல் தம் படகை நிறுத்தும் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "விடுறதுக்கா, வாத்தியாரே, இம்மாந் தொலைவு போறீங்க?" என்றார். அவர் பரிகாசம் செய்யவில்லை. உண்மையாகவே அவருக்கு அது விளங்கவில்லை.

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் எண்ணெய் தடவினாற்போல் அமைதியாக இருந்தது. கரையிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் தூரத்தில், காலை பத்து மணி சுமாருக்கு என் மாணவனின் தூண்டிலை ஒரு மயில்மீன் கவ்வியது. முதுகில் விசிறிபோன்ற நீலத் துடுப்பை விரித்துக்கொண்டு அது நீருக்குமேல் எம்பிக் குதித்தபோது, நாற்பத்தாறு வயதான நான் பத்து வயதுப் பையனைப்போல் கூவினேன். இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய நீர்த்தாரை எப்போதும் பீச்சிக்கொண்டிருக்க வேண்டும். குளிர்நீர் சுற்றுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதைக் கவனிப்பது சுக்கான் பிடிப்பவன் கடமை. சுக்கான் பிடித்திருந்தவன் நான். நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கயிறு அறுந்து மீன் போயிற்று. சிறிது நேரத்தில் இயந்திரம் ஒரு தடவை கனைத்து நின்றது. தூக்கிப் பார்த்தால், நீர் உறிஞ்சும் துவாரத்தின்மேல் ஒரு பாலிதீன் பை கச்சிதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அபாயத்தை அறிவிக்கும் ஒலிக்கருவி பழுதாகி மூன்று வாரம் ஆயிற்று. அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டவனும் நான்தான். இயந்திரம் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து கயிற்றை இழுத்தோம். அது அசையவில்லை. நங்கூரத்தை இறக்கினோம். நங்கூரக் கயிறு கடலின் ஆழத்தைப்போல் பல மடங்கு நீண்டு சாய்வாகக் கிடந்தால்தான் நங்கூரம் தரையைக் கவ்வும். எங்கள் கயிறோ தரையைத் தொடும் அளவுக்குத்தான் இருந்தது. விசைகளின் கோணத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவன் நான்!

கைபேசியில் அடையாளக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண் மனப்பாடமாக இருந்தது. ஆனால் அதை எந்தக் காற்றில் சொல்வது? அந்தப் பருவத்தில் நீரோட்டம் கரையை ஒட்டி வடக்கே ஓடும். ஐப்பசி கார்த்திகையில் தெற்கே ஓடும் அதே நீரோட்டம்தான். அது எங்களை வடக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. கரையிலிருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறைந்தன. குடிதண்ணீர் ஒரு போத்தல் இருந்தது. என் மாணவனுக்குக் கலியாணமாகி ஐந்து மாதம். அவன் பயத்தைக் காட்டாமல் இருப்பதற்காக ஏதேதோ பேசினான், பிறகு பேசவில்லை. அவனுடைய தாயாருக்கு என்ன பதில் சொல்வது என்ற ஒரே யோசனைதான் எனக்கு. என் சொந்தப் பெண்ணைப் பற்றிக்கூட அப்போது நினைக்கவில்லை என்பதைப் பிற்பாடு நினைத்து வெட்கப்பட்டேன்.

மாலை நாலு மணிக்கு ஒரு படகு தெரிந்தது. சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி வீசினோம். வந்தவர் அந்தப் பெரியவர். கூட அவர் மகன். வலை விரித்துக் காத்திருந்தவர்கள், எங்கள் படகு திசை மாறி மிதப்பதைத் தூரத்திலிருந்தே கண்டு, பாட்டைப் பாதியில் விட்டு, வலையை வாரிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுடைய படகில் இருந்த மீன் இரண்டு கூடைக்குக்கூடக் காணாது. எங்களைக் கயிற்றில் கட்டி இழுத்துக் கரை சேர்த்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

மணலில் இறங்கியதும் என் பையிலிருந்த பணம் முழுவதையும் எடுத்து நீட்டினேன். பெரியவர் கையை நீட்டவில்லை.

"கடல்லே தூக்கினதுக்குக் கூலி வாங்கினா, நாளைக்கு என்னைத் தூக்க யாரு வருவாங்க, வாத்தியாரே?" என்றார். பிறகு, "2015-லே வெள்ளம் வந்துச்சே, அப்போ படகை லாரியிலே ஏத்திக்கிட்டு உங்க பக்கம் முடிச்சூருக்கு வந்தோம். வீட்டு மாடியிலேருந்து ஆளுங்களை இறக்கினோம். கூலியா வாங்கினோம்? இட்லி குடுத்தாங்க, சாப்பிட்டோம்" என்றார்.

அன்றிரவு பஸ்ஸில் வீடு திரும்பும்போது பல விஷயங்கள் என் மனத்தில் ஓடின. இந்தச் சோழமண்டலக் கரையில்தான் மரங்களைப் பிணைத்துக் கட்டுமரம் என்று பெயர் வைத்தார்கள். டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட பிரயாண நூலில் அந்தப் பெயரைக் குறித்தார். இன்று உலகத்துச் செல்வர்களின் இரட்டை உடல் உல்லாசப் படகுக்கெல்லாம் அந்தத் தமிழ்ப் பெயர்தான் வழங்குகிறது. 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பிறகு இங்கே கட்டுமரங்கள் பெரும்பாலும் போய்க் கண்ணாடியிழைப் படகுகள் வந்துவிட்டன. ஆனால் கடலைப் பார்க்கும் கண் அவர்களிடம் மாறவில்லை. 'பிலார்' படகின் சொந்தக்காரர் 1952-இல் வெளியிட்டுப் புகழ் பெற்ற கதையிலும் கதாநாயகன் ஓர் ஏழைக் கிழச் செம்படவன்தானே! அதைப் படித்திருந்தும் நான் படகைத்தான் கவனித்தேன், கிழவனைக் கவனிக்கவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மனைவி அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. மறுநாள் காலையில், "படகை விற்றால் பாதி விலை கூட வராது. அந்தப் பெரியவரைக் கேளுங்கள்" என்றாள்.

கேட்டேன். அவர் யோசித்து ஒப்புக்கொண்டார். இயந்திரத்தைப் பழுது பார்த்து, உரிய பதிவுகளைச் செய்து, படகை அவருடைய மகன் கையில் கொடுத்தோம். குப்பத்து வழக்கப்படி, கிடைக்கும் வருமானத்தில் ஆட்களுக்கு இத்தனை, படகுக்கு இத்தனை என்று பங்கு. படகுப் பங்கை என் மாணவனும் நானும் பிரித்துக்கொள்கிறோம். என் பாதி, மனைவியின் கைக்கு வந்து, அங்கிருந்து பெண்ணின் காலேஜ் கணக்குக்குப் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சிறு படகுகளை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. ஆனாலும் மீன் இனம் பெருகும் அந்த நாட்களில் விளையாட்டுக்காக நான் தூண்டிலைத் தொடுவதில்லை. மற்ற மாதங்களில் ஒரு ஞாயிறு எனக்கு உண்டு. அன்று பெரியவர் சுக்கான் பிடிப்பார். நான் முன்னணியத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுவேன். நீர்த்தாரையை இப்போது கவனிப்பது அவர் பொறுப்பென்றாலும், என் கண் அடிக்கடி அங்கே போய்விட்டு வரும்.

முதல் வாரத்துப் பங்கோடு பெரியவர் ஒரு முழு வஞ்சிரத்தையும் பனையோலைக் கூடையில் வைத்து அனுப்பியிருந்தார். அதை நானே பஸ்ஸில், சக பிரயாணிகளின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், வல்லம் வடகாலுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி கூடையைத் திறந்து பார்த்தாள். இரண்டு வருஷத்தில் வாத்தியார் கப்பலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மீன் அது.

"இதையும் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, அருவாமனையை எடுத்தாள்.