ஒட்டுப் போட்ட இடம்

ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டி, ஒட்டிய இடம் கேட்பவர் செவிக்குப் புலப்படாமல் செய்வதையே ஜீவனோபாயமாகக் கொண்டு அநேக வருஷங்கள் கழித்தவன் நான். ஆகையால், பிறர் பாட்டை ரசித்துத் தலையாட்டும் வேளையிலும், ஒரு பாட்டு முடிந்து மற்றொன்று பிறக்கும் சந்தியிலேயே என் காது போய் நின்றுவிடும். பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் வெளியிட்ட ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ என்னும் இசைத்தட்டின் மகிமை எனக்கு விளங்கியதும் அந்தத் தொழிற்காதால்தான்.

கற்பனையான ஒரு வாத்தியக் கோஷ்டியின் கச்சேரியாக அத்தட்டு ஆரம்பமாகிறது; இரண்டாம் பாட்டுக்குப் பிறகு அக்கோஷ்டியின் பேச்சே இல்லை; கடைசிக்கு முந்திய பாட்டில்தான் அது மறுபடி தலைகாட்டுகிறது. தம்முடைய பாட்டுகளுக்கும் அந்தக் கற்பனைக்கும் சம்பந்தமில்லை என்று குழுவில் ஒருவரான ஜான் லெனனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இதை ஒரே கருத்தில் கோத்த தட்டு என்பது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒருமை கதையில் இல்லை, சந்திகளில் இருக்கிறது.

பாட்டுகளுக்கு நடுவே வழக்கமாக விடும் மௌனத்தை அவர்கள் விடவில்லை. ‘குட் மார்னிங் குட் மார்னிங்’ பாட்டின் முடிவில் பிராணிகள் வரிசையாகக் குரலெழுப்பிச் செல்கின்றன. முன்னதை விரட்டவல்லதாகப் பின்னது இருக்கவேண்டும் என்பது லெனனின் விருப்பம். கடைசியில் கொக்கரிக்கும் கோழியின் குரல், அடுத்த பாட்டைத் தொடங்கும் கிதாரின் நாதமாகவே மாறிவிடுகிறது. விநாடிக்குப் 15 அங்குலம் ஓடும் நாடாவில் ஓர் அங்குலம் தவறினாலும் வித்தை குலைந்துபோகும் என்பதை அறிந்த எனக்கு, அந்தக் கோழி ஒரு சங்கீத வித்வானாகவே தோன்றுகிறது.

லண்டன் ஆபி ரோடில் அவர்கள் ஒலிப்பதிவு செய்த ஸ்டூடியோவின் யந்திரங்களில் அன்று, ஒலிகளைத் தனித்தனியே பதிய, நான்கு டிராக்குகளே உண்டு. நான்கும் நிரம்பினால் அவற்றைக் கலந்து வேறொரு நாடாவுக்கு மாற்றவேண்டும். மாற்றுந்தோறும் இரைச்சல் கூடும், கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் இந்த நிர்ப்பந்தத்துக்குள்தான் தங்கள் யுக்திகளைக் கண்டார்கள். ‘மிஸ்டர் கைட்’ பாட்டுக்காக நீராவி ஆர்கன் ஒலித்த நாடாவைத் துண்டு துண்டாக நறுக்கி, மேலே வீசியெறிந்து, கைக்கு வந்தபடி ஒட்டினார்களாம். துண்டுகளுக்கு மஞ்சள் பென்சிலால் அடையாளமிட்டு, வரிசை மாறாமல் காத்த என் போன்றவனுக்கு நெஞ்சு பதறும் காரியம்!

‘எ டே இன் த லைஃப்’ பாட்டிலோ 40 வாத்தியக்காரர்கள் 24 தாளக் கட்டுகளுக்குள் மந்தர ஸ்தாயியிலிருந்து உச்சத்துக்கு ஏறுகிறார்கள். முடிவில் பியானோக்களிலும் ஹார்மோனியத்திலும் ஒருசேர எழுப்பிய ஒற்றை நாதம், தேயத் தேய ஒலியளவை ஏற்றிக்கொண்டே போனதால், 40 விநாடிக்கு மேல் நிலைக்கிறது. அந்த அந்திம நிசப்தத்தில் யாரோ அசைந்த நாற்காலி முனகுவதும் கேட்கிறது. முதன்முறை கேட்டபோது என் கை அனிச்சையாகப் பிளேடைத் தேடிற்று. பிறகு யோசித்தேன்: தேய்ந்துகொண்டிருக்கும் நாதத்தின் நடுவே கத்தி வைத்தால், நாற்காலியோடு நாதமும் அறுந்துவிடும். சந்திகளால் ஆன அந்தத் தட்டின் கடைசிப் பாட்டு, ஒட்டுப் போடவே இயலாத ஓரிடத்தில் வந்து முடிகிறது.