கூண்டா, வேலியா? அனுப்பம்பட்டில் ஒரு பஞ்சாயத்து!

சென்னையில் ஆபீஸ், அனுப்பம்பட்டில் வீடு என்று இருப்பவர்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். சாயந்தரம் மேனேஜர் 'ஒரு சின்ன மீட்டிங்' என்று வாயைத் திறந்தால், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் கும்மிடிப்பூண்டி வண்டியைக் கோட்டைவிட்டால், அடுத்த வண்டி வரை வேர்க்கடலைதான் துணை!

கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு என்று வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூச்சு வாங்கிக்கொண்டு போகும். வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். மீஞ்சூரைத் தாண்டியதும் அனுப்பம்பட்டு. சென்னையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் வயல்காற்று. வாடகை, பட்டணத்துக்காரர்கள் பெருமூச்சு விடுகிற அளவுக்குக் குறைவு.

இந்த ஊரில் தனிக்கட்டையாகக் குடியிருக்கும் என் ஆபீஸ் நண்பர், 3 மாதக் குட்டி ஒன்றை வாங்கிவிட்டார். 'பக்' ஜாதி. 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடியதே, அதே முகம்தான். இன்க்ரிமென்ட் கட்டான ஹெட்கிளார்க் மாதிரி எப்போதும் ஒரு கவலை!

"யோவ், உங்க வீட்ல நாய் வளர்த்திருக்கீங்களே, வந்து சொல்லு. ஆபீஸ் போறப்ப இதைக் கூண்டுல விடறதா, தடுப்பு வேலி வாங்கறதா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

வீட்டுக்கார அம்மா அதற்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். "கடையில எதுக்குத் தம்பி காசைக் கொட்டறே? கோழி கவுக்கற பஞ்சாரம் சும்மாதானே கெடக்குது!"

கவிழ்த்தோம். குட்டி 2 நிமிஷம் யோசித்தது. பிறகு பஞ்சாரத்தை முதுகில் சுமந்தபடி, ஆமை மாதிரி ஹாலைக் கடந்து கிச்சனுக்குள் போய்விட்டது. தீர்ப்பு தள்ளுபடி!

சரி, கூண்டு விஷயத்துக்கு வருவோம். குட்டி நின்றால் தலை இடிக்கக் கூடாது. திரும்ப வேண்டும். கால் நீட்டிப் படுக்க வேண்டும். அவ்வளவுதான் அளவு. ரொம்பப் பெரிதாக வாங்கினால் ஒரு மூலையை பெட்ரூமாகவும், மறு மூலையை டாய்லெட்டாகவும் பிரித்துக்கொள்ளும். படுக்கிற இடத்தை அசிங்கம் செய்யப் பிடிக்காது என்ற நாயின் குணத்தை நம்பித்தான் கூண்டுப் பழக்கமே இருக்கிறது.

ஆனால் அந்தக் குணத்துக்கும் ஒரு எல்லை உண்டு. நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். வயதை மாதத்தில் எடுத்து 1-ஐக் கூட்டினால், குட்டி அடக்கிக்கொள்ளக்கூடிய மணி நேரம் வரும். அதுவும் உச்ச வரம்புதான். நம்ம ஹெட்கிளார்க்குக்கு 3 மாதம். ஆக, 4 மணி நேரம்.

நண்பர் காலை 7 மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு 8. மொத்தம் 13 மணி நேரம். 13-ல் 4 போனால் 9. அந்த 9 மணி நேரத்துக்கு எந்தக் கம்பெனியும் கூண்டு தயாரிக்கவில்லை சார்!

நண்பர் முகமும் பக் மாதிரி ஆகிவிட்டது. மனசு ஆற ஒரு நடை பழவேற்காடு போய் வரலாம் என்று கிளம்பினோம். அடுத்த ஸ்டேஷனான பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். குட்டியும் பையில் ஏறிக்கொண்டது.

பழவேற்காட்டில் பக்குக்குப் பூர்வ ஜென்ம உறவு உண்டு. சீனாவின் அரண்மனை மடிகளில் வளர்ந்த இந்த ஜாதியை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியவர்கள் டச்சு வணிகர்கள் என்பார்கள். ஹாலந்தின் ஆரஞ்சு அரச குடும்பத்துக்கு இது செல்ல நாய். அதே டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை வைத்துக்கொண்டு, 1690 வரை சோழமண்டலக் கரையின் வியாபாரத்தை இங்கிருந்து ஆண்டார்கள். கோட்டை இன்று புதர். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் வாசலில் 2 எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் காவலுக்கு வைத்துக்கொண்டு நிற்கிறது. நம்ம ஆள் அவற்றைப் பார்த்துக் குரைத்தார். எலும்பாயிற்றே!

ஆனால் வெயில்தான் தாங்கவில்லை. கால் மணி நேரத்தில் குட்டிக்கு மூச்சு 'கர்... கர்...' என்று இழுத்தது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சப்பை மூக்குக்காரனுக்கு அந்த வழியே குறுகல். ஓடிப்போய் நிழலில் விட்டுத் தண்ணீர் காட்டினோம். நாலு பக்கமும் மூடிய பிளாஸ்டிக் கூண்டில் இதைப் பூட்டிவிட்டு, ஊரில் பகல் முழுக்கக் கரன்ட் போனால்? நண்பர் பதில் சொல்லவில்லை.

ஏரிக்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னா தம்பி, நாய்க்குட்டிக்குக் கூண்டா? எங்க நாயிங்கள நாங்க கட்டறதே இல்ல. ஆனா ஒண்ணு... ஒரு நாளும் தனியா வுட்டதும் இல்ல. யாருனா ஒருத்தர் கரையில இருப்போம்ல?"

ஒடிசா பக்கத்துச் சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. இங்கே மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை போடுவது என்று குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது; சண்டையும் குறையும்.

திரும்பும் பஸ்ஸில் நண்பர் திடீரென்று, "நம்ம காம்பவுண்டுலயும் பாடு போட்டா என்ன?" என்றார். பிடித்துவிட்டார் பாயின்ட்டை!

பஞ்சாயத்து முடிவு இதுதான். வாங்கியது தடுப்பு வேலி. 2 அடி அகலத்தில் 8 கம்பித் தட்டிகளைச் சதுரமாக மாட்டினால் 4-க்கு 4 அடி இடம். நெடுக்குக் கம்பியாக இருக்க வேண்டும். குறுக்குக் கம்பி என்றால் ஏணி! குட்டியின் தலை நுழையாத இடைவெளி முக்கியம். ஒரு மூலையில் படுக்கை, எதிர் மூலையில் பழைய பேப்பர், கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம். ஒயர், செருப்பு, ஜன்னல் வெயில் எதுவும் எட்டக் கூடாது. கழுத்துப்பட்டை கம்பியில் மாட்டி இறுக்கும் என்பதால் அதைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

முதல் நாளே 13 மணி நேரம் கிடையாது. வேலிக்குள்ளேயே சாப்பாடு போட்டு 5 நிமிஷம், 10 நிமிஷம், அரை மணி என்று பழக்க ஒரு வாரம் லீவ் போட்டார். லீவ் லெட்டரில் காரணம்: 'குடும்ப நிமித்தம்'!

அப்புறம் பாடு. 10 மணிக்கு வீட்டுக்கார அம்மா, 1 மணிக்கு எதிர்வீட்டுத் தாத்தா, 4 மணிக்கு ஸ்கூல் விட்டு வரும் வாண்டுகள். வெளியே விட்டு, கொஞ்சி, பேப்பர் மாற்றிவிட்டுப் போவார்கள். யாருக்காவது ஊருக்குப் போக வேண்டுமென்றால் முறை மாற்றிக்கொள்வார்கள்.

ஆகவே இளைஞர்களே, குட்டி வாங்கக் கடைக்குப் போகும் முன் இன்ச் டேப்பை எடுக்காதீர்கள். ரயில் டைம்டேபிளை எடுங்கள். வீட்டைப் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்ட ஒரு ஆள் உண்டென்றால், தாராளமாக வாங்குங்கள். வேலி எந்தக் கலரில் இருந்தாலும் சரி. இல்லையா? கல்யாணம் ஆகும்வரை பொறுங்கள். அதற்கப்புறம் வேலிக்குள் யார் என்பது வேறு பிரச்னை!